கடன் முடியும்வரை இந்த வேலையிலேயே இருப்பதா, கிளம்பிவிடுவதா?

பூட்டூர்க்காரன்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டிய நிலை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 30. சொந்த ஊர் திண்டுக்கல், இப்போது இருப்பது மதுரை. ஒரு தனியார் வங்கிக் கிளையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன், நாலே கால் வருடம் ஆகிறது. சொந்தக்காரர்களுக்கு நான் "பேங்க் மாப்பிள்ளை". உள்ளே வந்து பார்த்தால் கணக்கு பிடிப்பதும் இன்சூரன்ஸ் விற்பதும்தான் வேலை. காலை எட்டே முக்காலுக்கு மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து நேற்று யார் என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்பார், மதியம் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வரும், பூஜ்ஜியம் போட்டவன் பெயர் சிவப்பில் இருக்கும், ராத்திரி ஒன்பதரைக்குப் பல கிளைகளுக்கு மேலே இருக்கிற கிளஸ்டர் ஹெட் எல்லோரையும் போன் காலில் எடுத்து ஒரு சுற்று விடுவார். மார்ச் என்றால் ஞாயிறும் கிடையாது.

இதையெல்லாம்கூடத் தாங்கிவிடலாம். டெபாசிட்டைப் புதுப்பிக்க வருகிற பெரியவர்களிடம், வருடா வருடம் கட்ட வேண்டிய பாலிசியை "இதுவும் டெபாசிட் மாதிரிதான்யா" என்று சொல்லித் தலையில் கட்டச் சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் முடியவில்லை. நான் அப்படிச் சொல்வதில்லை, அதனால் மாதா மாதம் சிவப்பு.

நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்று போய் ஈசிஜி எடுத்தேன். இதயத்தில் ஒன்றும் இல்லையாம், தூக்கமும் டென்ஷனும்தான் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிறு கலக்குகிறது.

இப்போது கணக்கு. கையில் வரும் சம்பளம் 38,500. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், 14,000. மூன்று வயதில் பையன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோன் 5 லட்சம், 15 சதவீதம், 5 வருடம்; மாதம் 11,895 போகிறது, இன்னும் 36 தவணை, அசல் 3.43 லட்சம் நிற்கிறது. மனைவியின் நகை 9 பவுன் அரசு வங்கியில் இருக்கிறது, அதன்மேல் 2.4 லட்சம், 9 சதவீத வட்டி. வருடம் முடியும்போது கட்டுவதற்காக மாதம் 1,800 எடுத்துவைக்கிறோம். கிரெடிட் கார்டில் 92,000 நிற்கிறது, குறைந்தபட்சத் தொகையான 4,600 மட்டும் கட்டிக்கொண்டு வருகிறேன், பெட்ரோலும் அதிலேயேதான் போடுகிறேன். வாடகை 9,000, வீட்டுச் செலவு 13,000, அப்பா அம்மாவுக்கு 4,000, பெட்ரோல் 3,000, போன் இத்யாதி 1,000. எல்லாம் போக மாதம் 4,200 மிஞ்சும், மிஞ்சினால். சேமிப்புக் கணக்கில் 35,000 இருக்கிறது. பிஎஃப் ஒன்றரை லட்சம் சொச்சம்.

திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்கிறார்கள், 26,000 தருவார்களாம். அப்பா அதே தொழிலில் முப்பது வருடம் இருந்தவர், "நான் மில்லுக்குப் போனதே போதும், நீயுமா?" என்கிறார். மனைவி "விட்டுடுங்க, பார்த்துக்கலாம்" என்கிறாள். என்னத்தைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கடனை முடித்துவிட்டு வெளியே வருவதா? கையில் பணம் சேர்ப்பது முதலிலா, கடனை அடைப்பது முதலிலா? நண்பன் ஒருவன் 2 லட்சம் ஏலச் சீட்டில் சேர்ந்து உடனே எடுத்து கார்டை அடைக்கச் சொல்கிறான், அது சரியா? பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாமா? யாராவது இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை:

தம்பி, இவ்வளவு விவரமாகப் போட்டதற்கே முதலில் நன்றி. பாதிப் பேர் "கடன் நிறைய இருக்கு, என்ன செய்யலாம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

வேலையை விடுவதா வேண்டாமா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் கடன்களிலேயே சின்னது கார்டு, ஆனால் உங்களைத் தின்பது அதுதான். 92,000க்கு மாதம் 3.6 சதவீதம் போட்டால் 3,312, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 596, ஆக 3,908 வட்டிக்கே போய்விடுகிறது. நீங்கள் கட்டுகிற 4,600ல் அசலில் கழிவது 700 ரூபாய்கூட இல்லை. அதிலும் பெட்ரோல் போடுகிறீர்கள். முழுத்தொகையும் கட்டாமல் பாக்கி வைத்திருக்கிறவனுக்கு அந்த 45 நாள் 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது, கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இது வங்கிக்காரரான உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

நகைக்கடன் 9 சதவீதத்தில் ஓடுகிறது, கார்டு ஜிஎஸ்டியோடு சேர்த்து வருடத்துக்கு 50 சதவீதத்தைத் தொடுகிறது. அந்த நகையை நீங்கள் வைத்தபோது இருந்த விலை வேறு, இப்போது தங்கம் விற்கிற விலை வேறு. ஒன்பது பவுனுக்கு 2.4 லட்சம் என்பது இன்றைய மதிப்பில் பாதிக்கும் கீழே. அதே நகையின் மேல் இன்னும் 92,000 கூட்டி வாங்கி கார்டை ஒரே அடியாக முடியுங்கள். வருடத்துக்கு சுமார் 46,900 போய்க்கொண்டிருந்த இடத்தில் 8,280 போகும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி 2.5 லட்சம் வரைக்கும் நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் கொடுக்கலாம். 2.5 லட்சத்தைத் தாண்டினால் திருப்பிக் கட்டும் வருமானம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், ஆகவே சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே போய்ச் செய்துவிடுங்கள். வேலையை விட்டபிறகு போனால் இதே கவுண்டரில் வேறு முகம் பார்ப்பீர்கள்.

சில கிளைகளில் அசல், வட்டி எல்லாவற்றையும் கட்டி நகையை மீட்டு, மறுபடி புதிதாக வை என்பார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு 2.4 லட்சத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். அதற்காகக் கடைவீதியில் நிற்கிற ஆளிடம் நாள் வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள், மாமனாரோ மச்சானோ ஒரு நாள் கைமாற்றுக் கொடுத்தால் போதும்.

இதைச் செய்தால் நகை வட்டி மாதம் 1,800லிருந்து 2,490 ஆகும், கார்டுக்குப் போகும் 4,600 நிற்கும். மிச்சம் 4,200 என்பது 8,100 ஆகிறது. சம்பளம் ஒரு ரூபாய் கூடாமலேயே.

சீட்டு வேண்டாம். முதல் மாதமே எடுப்பவன் பெரிய தள்ளு கொடுத்துத்தான் எடுக்க முடியும். 2 லட்சத்தில் நாற்பது ஐம்பதாயிரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு முழுச் சீட்டுக்கும் தவணை கட்டுவது என்பது, பெயரை மாற்றிக்கொண்டு வந்த இன்னொரு கடன். சீட்டை எடுத்தபிறகு ஜாமீன் வேறு கேட்பார்கள். சேமிப்பதற்காக, கடைசி வரைக்கும் எடுக்காமல் கட்டுகிறவருக்குச் சீட்டு நல்லதுதான், அதுவும் 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று பார்த்துவிட்டு.

பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். 8 சதவீதத்துக்கு மேல் வட்டி வருகிற, யாரும் ஜப்தி செய்ய முடியாத பணம் அது. ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி வேறு வரும். வேறு வேலைக்குப் போனால் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள், சர்வீஸ் தொடரும்.


மேலூர்க்காரி:

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்த ஒன்பது பவுன் யாருடையது?

தம்பி, நீங்கள் எழுதியதில் "மனைவியின் நகை" என்று ஒரு இடத்தில் வருகிறது, அப்புறம் அது வெறும் கடன் பாக்கியாக ஆகிவிட்டது. கார்டை அடைக்க இன்னும் 92,000 அதன் மேல் ஏற்றுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். சும்மா "ஏற்றப்போகிறேன்மா" என்று தகவல் சொல்வது கேட்டதாகாது. கணக்கைப் பேப்பரில் எழுதிக் காட்டி, எப்போது திரும்பும் என்று ஒரு மாதத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டில் தங்கச்சி கல்யாணத்துக்குப் போன நகை பையன் காதுகுத்துக்குக்கூடத் திரும்பவில்லை. "விட்டுடுங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்கிற ஒரு பெண் கிடைப்பது பெரிய விஷயம், அந்த வார்த்தையை அப்படியே வசதிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து உடம்பு. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். ஈசிஜி சரியாக இருக்கிறது என்றால் நிம்மதிதான், ஆனால் "டென்ஷன்தான்" என்று டாக்டர் சொன்னால் அது ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. தூக்கம் வராமல் இப்படி மாதக்கணக்கில் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் புறநோயாளியாகவே பார்க்கலாம், செலவில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்பார்கள், அரசு நடத்துவது, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நெஞ்சழுத்தம் இடது கை, தாடைப் பக்கம் பரவினாலோ வியர்த்துக் கொட்டினாலோ அன்றைக்கு டென்ஷன் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. இப்போது உங்கள் மூன்று பேருக்கும் மருத்துவக் காப்பீடு வங்கி கொடுத்ததாகத்தான் இருக்கும். வேலையை விட்ட அன்றோடு அது போய்விடும். மில்லில் 26,000 என்றால் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வராது, அதற்குச் சம்பள வரம்பு 21,000. ஆகவே வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22லிருந்து ஜிஎஸ்டி கிடையாது. முதல் 30 நாள் விபத்து தவிர வேறு எதற்கும் கொடுக்கமாட்டார்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரைகூடக் காத்திருக்க வைப்பார்கள், அதனால் சீக்கிரம் தொடங்குகிறவருக்குத்தான் லாபம். ஈசிஜி எடுத்ததை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்து வாங்கிய பாலிசி தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.


பழைய கிளை:

நானும் ஒரு காலத்தில் அந்தச் சிவப்புப் பட்டியலில் இருந்தவன்தான், வேறு வங்கி, வேறு ஊர். சில விஷயங்கள் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதை மட்டும் சொல்கிறேன்.

அந்த பர்சனல் லோன் உங்கள் வங்கியிலேயே வாங்கியதா? ஊழியர் சலுகை வட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் வேலையை விட்ட மாதத்திலிருந்து பொது வட்டிக்கு மாறிவிடும், சில இடங்களில் மொத்தத்தையும் கட்டிவிட்டுப் போ என்பார்கள். 15 சதவீதம் என்று பார்த்தால் சலுகை இல்லாத கடன் மாதிரித்தான் தெரிகிறது, ஆனாலும் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

நோட்டீஸ் காலம் 60 நாளா 90 நாளா? முடிக்காமல் போனால் அந்த நாட்களுக்கான சம்பளத்தைப் பிடிப்பார்கள், இல்லையென்றால் விடுவிப்புக் கடிதத்தை நிறுத்திவைப்பார்கள். மில்காரர்கள் "திங்கட்கிழமை வந்துடு" என்றால் அதை நம்பி இங்கே சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

நாலே கால் வருடம் என்கிறீர்கள். இன்னும் ஒன்பது மாதத்தில் ஐந்து வருடம் முடிகிறது. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, அப்போதுதான் கையில் வரும். அடிப்படைச் சம்பளம் 18,000 என்று வைத்தால் அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, ஐந்து வருடத்துக்குப் பெருக்குங்கள், 51,900 ரூபாய் சொச்சம். நாலு வருடம் 240 நாள் முடித்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் அதைக் காட்டி வாங்குவதற்கு மனுப் போட்டு அலைய வேண்டிவரலாம், உங்களுக்கு இப்போது அந்தத் தெம்பு இல்லை. ஐந்து முழுசாக முடித்துக்கொள்வது நல்லது.

ஒன்பது மாதம் எப்படிப் போவது என்பீர்கள். கிளைக்குள்ளேயே வேறு இருக்கை கேளுங்கள். வங்கிக்குள் காலியிட அறிவிப்பு மெயிலில் வந்துகொண்டே இருக்கும், விற்பனையில் இருப்பவர்கள் அதைத் திறப்பதே இல்லை. ஆபரேஷன்ஸ் என்கிற கிளையின் உள்வேலை, நகைக்கடன் மேசை, கடன் ஆவணப் பிரிவு, இதில் ஏதாவது ஒன்று. சம்பளம் அதேதான் இருக்கும், இன்சென்டிவ் போகும், ஒன்பதரை மணி போன் கால் நிற்கும். மேனேஜர் நல்ல ஆளை விடமாட்டார், ஆனால் சிவப்பில் இருக்கிற ஆளை விட்டுவிடுவார், அது ஒரு வசதி உங்களுக்கு! ஏப்ரலில் புது இலக்கு போடுவதற்கு முன் கேளுங்கள்.

பெரியவர்களுக்குப் பாலிசியைத் தள்ளாமல் நிற்கிறீர்கள் என்றால் அது சரிதான். வாயால் அழுத்தம் கொடுத்தால் "சார், நீங்கள் சொன்னபடி இன்ன வாடிக்கையாளரிடம் இன்ன திட்டத்தைப் பேச வேண்டுமா" என்று மெயில் போட்டுவிடுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பிறகு புகார் வந்தால் கையெழுத்துப் போட்டவன்தான் மாட்டுவான், சொன்னவன் மாற்றலாகிப் போயிருப்பான். யாராவது விவரம் தெரியாமல் வாங்கிவிட்டு வந்து அழுதால், பாலிசி கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.


வெயிலான்:

எல்லோரும் நல்ல யோசனைதான் சொல்கிறீர்கள், ஆனால் மொத்தத்தில் "இன்னும் கொஞ்ச நாள் இரு" என்றுதான் முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கடன் முடிந்ததும் விடுகிறேன் என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் முடிகிற சமயத்தில் பையனுக்குப் பள்ளிக் கட்டணம் வரும், அப்பாவுக்கு ஆபரேஷன் வரும், "சம்பளம்தான் வருதே" என்று ஒரு வண்டி வரும். அந்தத் தேதி நகர்ந்துகொண்டே போகும்.

நண்பரே, 38,500க்கும் 26,000க்கும் 12,500 வித்தியாசம் என்று பயப்படுகிறீர்கள். நிஜத்தில் அவ்வளவு இல்லை. திண்டுக்கல்லில் சொந்த வீடு இருக்கிறது என்று நினைக்கிறேன், அப்படியானால் வாடகை 9,000 மிச்சம். பெட்ரோல் 3,000லிருந்து 1,000 ஆகும். இரண்டு குடும்பச் செலவு ஒன்றாகும், 13,000மும் 4,000மும் சேர்ந்து 16,000 என்று வையுங்கள். கார்டு ஒழிந்துவிட்டது என்றால் பர்சனல் லோன் 11,895, நகை வட்டி 2,490, வீடு 16,000, பெட்ரோல் 1,000, போன் 1,000. கூட்டினால் 32,385. உங்கள் 26,000 போக துண்டு விழுவது ஆறாயிரத்துச் சொச்சம். மனைவிக்கு ஊரில் பத்தாயிரத்துக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைத்தால் அதையும் தாண்டி மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். இன்றைக்கு இத்தனை வதை பட்டு மிச்சம் பிடிப்பது 4,200. மூவாயிரத்து அறுநூறுக்கும் நாலாயிரத்து இருநூறுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அறுநூறு ரூபாய்க்கா நெஞ்சழுத்தம்?

ஆகவே உங்களை அங்கே கட்டிப்போட்டிருப்பது சம்பளம் இல்லை, அந்த கார்டுதான். அதை அடைத்த அடுத்த மாதமே கடிதம் கொடுக்கலாம். இன்னொன்று, தங்கம் இவ்வளவு விலை இருக்கும்போது பர்சனல் லோனையும் அந்த நகை மேலேயே மாற்றிவிட்டால் மாதத் தவணையே இருக்காதே, வருடத்துக்கு ஒருமுறை வட்டி கட்டினால் போதும். அப்புறம் 26,000 தாராளம்.


கணக்குப்பிள்ளை:

வெயிலான், மில் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை, நீங்கள் போட்டது நல்லது. கடைசி யோசனைதான் ஆகாது.

பர்சனல் லோனை அப்படியே ஓடவிட்டால் 36 தவணையில் போகும் வட்டி சுமார் 85,000. அதை முன்கூட்டி முடிக்க 4 சதவீதக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டியோடு 16,200 ஆகும். நகை மேல் 9 சதவீதத்துக்கு மாற்றி, மாதா மாதம் ஒழுங்காக அசலும் கட்டினால் வட்டி 49,600 வரும். எல்லாம் போக மூன்று வருடத்தில் லாபம் 19,000 ரூபாய். அதுவும் தவறாமல் கட்டினால். நீங்கள் சொல்கிற மாதிரி வருடத்துக்கு ஒருமுறை வட்டி மட்டும் கட்டினால் மூன்று வருடம் கழித்தும் அசல் அப்படியே நிற்கும், நகையும் அங்கேயே இருக்கும்.

பர்சனல் லோனுக்கு ஈடு எதுவும் இல்லை. ஏதாவது விபரீதமாகி இரண்டு தவணை விட்டால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும், போன் வரும், அதுவும் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. நகைக்கடனை விட்டால் ஏல நோட்டீஸ். 19,000 ரூபாய்க்காக ஒன்பது பவுனையும் மொத்தமாக அங்கே கொண்டுபோய் மாட்டிவிடுவதை நான் செய்யமாட்டேன்.

அந்த ஆறாயிரம் துண்டுதான் கவலை. தம்பியின் மனைவிக்கு ஊரில் வேலை கிடைக்கும்வரை அதைக் கையிலிருந்துதான் போட வேண்டும். தனியார் பள்ளிகள் ஆள் எடுப்பது ஏப்ரல், மே மாதங்களில். நடுவில் போனால் அடுத்த ஜூன் வரை உட்கார வேண்டியதுதான்.


பூட்டூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனைவிக்கும் காட்டினேன். மேலூர்க்காரி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் "தாலிக்கொடி தவிர எல்லாம் அங்கதான் இருக்கு, இன்னும் கொஞ்சம் ஏத்தினா என்ன, ஆனா அந்த கார்டை என் கண் முன்னாடி வெட்டணும்" என்றாள். இன்னொரு நிபந்தனையும் போட்டாள், கையில் பணம் சேர ஆரம்பித்தால் அவசரத்துக்கு வைத்தது போக மீதி முதலில் நகைக்குத்தான், வண்டிக்கும் போனுக்கும் இல்லை என்று. சரி என்றேன்.

வாடகை விஷயத்தில் வெயிலான் சொன்னது சரி, ஊரில் இருப்பது சொந்த வீடு, பழைய ஓட்டு வீடு. அம்மாவும் அவளும் ஒரே சமையலறையில் என்பது வேறு கணக்கு, அதை இங்கே எழுத முடியாது.

லோன் வேறு நிறுவனத்தில் வாங்கியது, ஊழியர் சலுகை இல்லை. நோட்டீஸ் 60 நாள்.

ஒரு சந்தேகம். கார்டு ஒழிந்து மாதம் 8,100 மிஞ்சினால், அதை எவ்வளவு வரை கையில் சேர்க்க வேண்டும், எப்போதிலிருந்து நகைக்குக் கட்ட வேண்டும்?


கணக்குப்பிள்ளை:

கார்டு போனபிறகு உங்கள் வீட்டின் தவிர்க்க முடியாத செலவு, தவணைகள் உட்பட, 44,385. அதில் மனைவியின் 14,000 வருகிறது. உங்கள் சம்பளம் நின்றால் மாதம் துண்டு விழுவது 30,400 சுமார். மூன்று மாதத்துக்கு 91,000. கையில் 35,000 இருக்கிறது, மாதம் 8,100 சேர்த்தால் ஏழாவது மாதம் அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். எட்டாவது, ஒன்பதாவது மாதப் பணம் நகைக்கு. பணிக்கொடை வந்தால் அதுவும் நகைக்கு. நகைக்கடனில் நடுவில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று அசலில் கட்டிக்கொண்டே வரலாம், பாக்கி அசலுக்குத்தான் வட்டி ஓடும், கவுண்டரில் "அசலில் வரவு வையுங்கள்" என்று சொல்லிக் கட்டுங்கள்.

மாதா மாதம் 8,100ஐச் சம்பளக் கணக்கிலேயே விடாதீர்கள், செலவாகிவிடும். சம்பளம் வரும் மறுநாள் வேறொரு வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போகும்படி போட்டுவிடுங்கள். உங்கள் கிளையில் போடாதீர்கள், யாராவது இலக்குக்காக அதையும் பாலிசியாக மாற்றச் சொல்வார்கள்.

91,000 கையில் வந்தபிறகு மில்லோ வேறு இடமோ, ஆறாயிரம் துண்டு விழுந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும்.


வெயிலான்:

ஏழு மாதமோ ஒன்பது மாதமோ, தேதி போட்டுக்கொண்டு இருப்பதென்றால் எனக்கும் சம்மதம். ஆனால் உடம்பு நடுவில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்தப் பணிக்கொடை 51,900 என்பது உங்களுடைய ஒன்றே கால் மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேல்தான், அதற்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்.


மேலூர்க்காரி:

வெயிலான் சொன்னதுக்கு ஒரு கும்பிடு. தம்பி, பாலிசியும் மருத்துவரும் இந்த வாரமே. நகை வேலை அடுத்த வாரம் போதும்.


பூட்டூர்க்காரன்:

செய்கிறேன் அக்கா. மில்லில் கேட்டுப் பார்த்தேன், இந்த இடத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றுவிட்டார்கள். கணக்குத் தெரிந்தவன் என்றால் வருடா வருடம் யாராவது கிளம்பிக்கொண்டுதான் இருப்பார்கள், ஏப்ரலில் வந்து பார் என்றார் அங்கே இருக்கிற அக்கவுண்டன்ட். மனைவியும் ஏப்ரலில்தான் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட வேண்டும். இதற்கு நடுவில் ஆபரேஷன்ஸ் பக்கம் மாற்றல் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். மேனேஜர் "யோசிக்கலாம்" என்றார், திட்டவில்லை, அதுவே ஆச்சரியம்.


பழைய கிளை:

யோசிக்கலாம் என்றால் நல்லதுதான், பதினைந்து நாள் கழித்து மறுபடி நினைவூட்டுங்கள். கார்டை அடைக்கும்போது ஒன்று. ஸ்டேட்மென்டில் இருக்கிற தொகையைக் கட்டினாலும், அந்தத் தேதிக்கும் நீங்கள் கட்டுகிற நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அடுத்த மாதம் சில நூறு ரூபாயாக வந்து நிற்கும். கார்டை வெட்டியாச்சு என்று அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய, அபராதமும் சிபில் பிரச்சினையும் அங்கிருந்துதான் தொடங்கும். அதையும் கட்டி, கணக்கை மூட எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிய பிறகு உங்கள் மனைவியிடம் கத்தரிக்கோலைக் கொடுங்கள்.